நேர்முகப் பரீட்சையும் முதல் வேலையும்

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை எழுதி முடித்த பின், பெறுபேறு வெளிவரும் வரை மாணவருக்குச் சில மாதங்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஆமர் வீதி, முகத்துவாரம் முதலிய இடங்களில் வாழும் மாணவர் பலர் இக்காலத்திலேயே முதன்முதலாக ஒரு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் உயர்தர வகுப்புத் தொடங்கும் வரை மட்டும் செல்வர். சிலர் குடும்ப நிலை காரணமாக அவ்வேலையிலேயே நின்றுவிடுவர். தமிழ்மொழிப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிலும் மாணவர், அக்கடிதத்துக்குப் பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வலகு அதன் பொருட்டு எழுதப்பட்டது.

முதலில் வயது பற்றி ஒரு சொல். இலங்கையில் ஒருவரை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது முன்பு 14 ஆக இருந்தது. 2021ஆம் ஆண்டில் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாறு வயது நிரம்பாதவரை எவரேனும் வேலைக்கு அழைப்பாராயின், அவர் சட்டத்தை மீறியே அழைக்கிறார்.

நேர்முகப் பரீட்சை எதனைப் பரீட்சிக்கிறது?

தொழில்தருநர் ஒருவர் விண்ணப்பதாரியை நேரில் அழைத்து, வினாக்கள் கேட்டு, குறித்த வேலைக்கு அவர் பொருத்தமானவரா எனத் தீர்மானிப்பதே நேர்முகப் பரீட்சை எனப்படும். உங்கள் சான்றிதழ்களை அவர் ஏற்கனவே பார்த்துவிட்டார். பதினேழு வயதுப் பிள்ளையிடம் தொழில் அனுபவம் இராது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் அறிய விரும்புபவை மிகச் சிலவே. நாள்தோறும் நேரத்துக்கு வருவாரா? பணத்தையும் பொருளையும் நம்பி ஒப்படைக்கலாமா? சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா? "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாலும், "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டாலும், அவ்வினாவின் அடியில் இவற்றுள் ஒன்று இருக்கும். அதனை இனங்கண்டு விடை சொல்பவருக்கு அரைப் பங்கு வேலை முடிந்துவிடும்.

எழுத்துப் பரீட்சையில் வினாத்தாள் கேட்கும், மாணவர் எழுதுவார். நேர்முகப் பரீட்சையிலோ விண்ணப்பதாரியும் வினாக் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எது, நியமனக் கடிதம் எப்போது தரப்படும், சேமலாப நிதி உண்டா என்பவற்றைக் கேட்காமல், வேலை கிடைத்தாற் போதும் என்று தலையாட்டிவிட்டு வருபவர் பலர். எழுத்தில் எதுவுமின்றிப் பத்து, இருபது வருடம் ஒரே கடையில் உழைத்து, இறுதியில் வெறுங்கையுடன் வீட்டுக்கு வந்தவரை நமது பகுதியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அவர்களில் ஒருவராக இருக்கவும் கூடும். ஆகவே இவ்வலகில் விடை சொல்லும் முறையைவிட, கேட்டுப் பெறும் முறைக்குக் கூடிய இடம் தரப்படுகிறது.

எமது சுற்றாடலில் உள்ள தொழில்கள்

கொட்டாஞ்சேனையின் ஒரு பக்கத்தில் கொழும்புத் துறைமுகம். மறு பக்கத்தில் புறக்கோட்டை. இவ்விரண்டுமே இப்பகுதி மாணவருக்கு முதல் வேலை தருகின்ற இடங்கள். செட்டியார் தெருவில் நகைக் கடைகளும் பட்டறைகளும், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சார, இலத்திரனியல் பொருட் கடைகளும், நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, அரிசி முதலியவற்றின் மொத்த வியாபார நிலையங்களும் உள்ளன. துறைமுகத்தை அண்டி, பொருட்களைச் சுங்கத்தில் விடுவிக்கும் முகவர் நிலையங்களில் வார்ஃப் கிளார்க், அலுவலக உதவியாளர் போன்ற வேலைகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பத்திரிகை விளம்பரத்தால் கிடைப்பவையல்ல. "அண்ணன் வேலை செய்ற கடையில ஆள் எடுக்கிறாங்க" என்ற ஒரு சொல்லினாலேயே கிடைக்கின்றன. தெரிந்தவர் மூலம் செல்வதில் தவறில்லை. ஆயினும் தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக நியமனக் கடிதம் கேட்காதிருப்பதே பின்னர் இடராகிறது.

உடனே சம்பளத்துக்குச் செல்லாமல் தொழில் பழக விரும்புவோருக்கும் நேர்முகப் பரீட்சை உண்டு. 1893இல் தொடங்கப்பட்ட மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை, மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் ஆகியன நினைவிற் கொள்ளத்தக்கவை. இங்கு கற்போர் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். இத்தகைமை 1 முதல் 7 வரை மட்டங்களைக் கொண்டது. 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. வகுப்புக்குச் செல்லாமல் வேலைத்தலத்திலேயே தொழிலைக் கற்றுக்கொண்டவரும், தமது திறமையைச் செய்து காட்டி இச்சான்றிதழைப் பெறுவதற்கு வழி உண்டு. மின் இணைப்பு, குழாய் பொருத்துதல், தச்சு, வாகனத் திருத்தம் போன்ற வேலைகளில் இருக்கும் உங்கள் அண்ணன்மாருக்கு இதனைச் சொல்லுங்கள். தெரியாமல் இருப்போர் அநேகர்.

மொழி பற்றிய அச்சம்

தமிழ்மொழி மூலம் கற்ற மாணவர் நேர்முகப் பரீட்சைக்கு அஞ்சுவதற்கு முதற் காரணம் மொழியே. ஆங்கிலத்தில் கேட்டால் என்ன செய்வது, சிங்களத்தில் கேட்டால் எப்படிச் சொல்வது என்ற எண்ணத்திலேயே தெரிந்ததும் மறந்துபோகிறது.

1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழி. அரச நிறுவனத்தில் தமிழில் பதிலளிக்க விரும்புவதாகச் சொல்வது உங்கள் உரிமை, தயக்கமின்றிச் சொல்லலாம். அது மட்டுமன்று. 2007 ஜூலை 1ஆந் திகதிக்குப் பின் அரச சேவையிற் சேரும் உத்தியோகத்தர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆகவே சிங்களம் கற்கும் தமிழ் மாணவருக்கும், தமிழ் கற்கும் சிங்கள மாணவருக்கும் அதனாற் பயன் உண்டு.

தனியார் கடையிலும் கம்பனியிலும் நிலைமை வேறு. அங்கு உரிமை பேசுவதைவிட, உள்ளதை உள்ளபடி சொல்வதே நலம். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் ஓரளவு காதிலேனும் விழுந்திருக்கும். "மட்ட சிங்கள டிக்கக் புளுவன்" என்று தொடங்கினால் கேட்பவர் முகம் மலரும். விளங்காவிடின் "ஆயெத் கியன்ன, சேர்" என்று மீண்டும் சொல்லுமாறு கேட்கலாம். ஆங்கிலத்திலும் இவ்வாறே, "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி, சேர்" என்பதில் வெட்கமில்லை. விளங்காத வினாவுக்கு "யெஸ்" என்று தலையசைப்பதே ஆபத்து. "இரவு வேலை செய்வீரா?" என்ற வினாவுக்கு விளங்காமல் "யெஸ்" சொன்னவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மூன்று மொழியிலும் தன்னைப் பற்றி ஐந்து வசனம் சொல்லப் பழகுதல் போதுமானது. பெயர், வயது, வசிக்கும் இடம், கற்ற பாடசாலை, செய்யக்கூடிய ஒரு வேலை. இவ்வைந்தையும் கண்ணாடி முன் நின்று சொல்வதைவிட, தம்பியையோ தங்கையையோ முகாமையாளராக இருத்தி அவர் முன் சொல்லிப் பழகுவது நல்லது. அவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பின்னும் தொடர்ந்து சொல்ல முடிந்தால் நீங்கள் ஆயத்தம்.

கொண்டு செல்ல வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள், கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், விளையாட்டு அல்லது சாரணர் சான்றிதழ் இருப்பின் அவையும் ஒரு பைலில் இடப்படல் வேண்டும். யுத்த காலத்தில் கொழும்பில் வாழ்ந்த தமிழர் அடையாள அட்டையின்றி வீட்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின் பிறந்து வளர்ந்த நீங்கள் அதனை மேசையில் மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பெற்றார் குறைப்படுவது இதனாலேயே. நேர்முகப் பரீட்சை நாளில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மூலப் பிரதிகளைக் காட்டுங்கள். போட்டோக் கொப்பியை மட்டும் கொடுங்கள். மூலச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ "இங்கேயே இருக்கட்டும்" என்று வாங்கி வைக்கும் இடத்தில் வேலைக்குச் சேரலாகாது. வேலை தருவதற்காகப் பணம் கேட்கும் இடத்துக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு வேலை எனில், அந்த முகவர் நிலையத்துக்கு அனுமதிப் பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

உடை பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. துவைத்து அழுத்திய உடை, வெட்டிய நகம், மினுக்கிய சப்பாத்து. புதிதாக வாங்க வேண்டிய அவசியமில்லை. பொட்டு வைத்துச் செல்லலாமா என்று சில மாணவியர் கேட்பதுண்டு. தாராளமாகச் செல்லலாம்.

முகவரி பற்றியே சிறிது சொல்ல வேண்டியுள்ளது. தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் வாழும் மாணவர் சிலர் தமது முகவரியைச் சொல்லக் கூச்சப்பட்டு, உறவினரின் முகவரியை எழுதுகின்றனர். இதனால் நியமனக் கடிதம் வேறு வீட்டுக்குப் போகிறது. பின்னர் உண்மை தெரிய வரும்போது, நம்பலாமா என்ற கேள்வியும் எழுகிறது. சரியான முகவரியையே எழுதுக. கேட்பவர் புருவத்தை உயர்த்தினால், வேலைக்கு எப்படி வருவீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வேலைத்தலம் நுகேகொடையில் எனின், கொட்டாஞ்சேனையிலிருந்து 168ஆம் இலக்க பஸ்ஸில் எத்தனை மணிக்கு ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதை முதல் நாளே போய்ப் பார்த்து அறிந்து வையுங்கள். நேரத்தைச் சரியாகச் சொல்லும் விண்ணப்பதாரியிடம் முகவரி பற்றி மேலும் கேட்பவர் குறைவு.

மாதிரி நேர்முகம்

நான்காம் குறுக்குத் தெருவிலுள்ள ஒரு மொத்த வியாபார நிலையத்தில் பில் எழுதும் வேலைக்குப் பதினேழு வயது மாணவி ஒருவர் செல்வதாகக் கொள்க. பேச்சு வழக்கிலேயே உரையாடல் தரப்படுகிறது.

முகாமையாளர்: வாங்க மகள், உட்காருங்க. எங்க இருந்து வாறீங்க?

மாணவி: வணக்கம் சேர். கொட்டாஞ்சேனை, சேர். நடந்து வந்தா இருபது நிமிஷம். மழை நாள்ல பஸ்ல வருவேன்.

முகாமையாளர்: கணிதத்துல சாதாரண சித்திதான் எடுத்திருக்கீங்க. இங்க முழுக்கக் கணக்குத்தானே வேலை?

மாணவி: ஓம் சேர். கேத்திர கணிதம் எனக்குக் கஷ்டம். பெருக்கல், கூட்டல், சதவீதம் எல்லாம் சரியாச் செய்வேன். வீட்டுப் பக்கத்துல மாமி கடை வச்சிருக்காங்க. அங்க மாலை நேரத்துல கொப்பியில கணக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

முகாமையாளர்: அப்ப இதைச் சொல்லுங்க. லொறியில பன்னிரண்டு மூடை சீனி வருது. மூடை ஐம்பது கிலோ. கிலோ 220 ரூபா. பில் எவ்வளவு?

மாணவி: ஒரு கடதாசி தாங்க சேர். (எழுதிப் பார்த்து) 600 கிலோ. 1,32,000 ரூபா, சேர். ஆனா மூடையை எண்ணிப் பார்த்துட்டுத்தான் பில்லுல கையெழுத்து வைக்கணும்.

முகாமையாளர்: (சிரித்து) யார் சொல்லித் தந்தது?

மாணவி: அப்பா துறைமுகத்துல வேலை செஞ்சவர் சேர். அவர் சொல்லுவார்.

முகாமையாளர்: லொறிக்காரர் சிங்களத்துல கதைப்பாங்க. சமாளிப்பீங்களா?

மாணவி: கொஞ்சம் தெரியும் சேர். "கோனி கீயத?" என்று கேட்கவும், சொல்ற எண்ணிக்கையை எழுதவும் முடியும். வாசிக்கத் தெரியாது. பழகிக்கொள்வேன்.

முகாமையாளர்: சரி. வேற ஏதும் கேட்க இருக்கா?

மாணவி: சேர், வேலை எத்தனை மணிக்கு முடியும்? வீட்டுல கேட்பாங்க. நியமனக் கடிதம் சேர்ற அன்றைக்கே கிடைக்குமா?

முகாமையாளர்: முதல் ஆறு மாசம் புரபேஷன் தானே மகள். அது முடிஞ்ச பிறகு கடிதம், ஈ.பி.எப். எல்லாம் பார்ப்போம்.

மாணவி: புரபேஷன்ல இருந்தாலும் முதல் நாள்ல இருந்து ஈ.பி.எப். உண்டு என்று படிச்சோம் சேர். நான் பிழையா விளங்கியிருக்கேனா தெரியாது.

முகாமையாளர்: ம்... கணக்காளரிட்ட கேட்டுச் சொல்றேன்.

இவ்வுரையாடலில் மாணவி கணிதத்தில் தமக்குள்ள குறையை மறைக்கவில்லை. அதே வேளை குறையைச் சொன்னதோடு நின்றுவிடவுமில்லை. தாம் செய்யக்கூடியதைச் சான்றுடன் சொன்னார். மாமி கடையில் கணக்கு எழுதியதும் அனுபவமே. கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்குப் பார்த்தது, ஆலயத்தில் இளைஞர் குழுவை நடத்தியது, தம்பி தங்கையரைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்று வந்தது போன்றவற்றை மாணவர் "அனுபவம் இல்லை" என்ற இரு சொல்லால் மூடிவிடுகின்றனர். அடுத்து, கணக்குக்கு அவசரப்பட்டு வாயால் விடை கூறாமல் கடதாசி கேட்டார். மொத்த வியாபாரத்தில் வேகமாகத் தவறுபவரைவிட, மெதுவாகச் சரியாகச் செய்பவரே வேண்டப்படுவர். மூடை எண்ணுவது பற்றி அவர் சொன்ன ஒரு வசனம் நம்பிக்கை பற்றிய வினாவுக்கு, அவ்வினா கேட்கப்படுமுன்பே விடையாயிற்று.

இறுதிப் பகுதியே கடினமானது. முகாமையாளர் சொன்னது சட்டப்படி சரியன்று. மாணவி அதனை எதிர்த்து வாதாடாமல், தாம் படித்ததைச் சொல்லி, தம் பக்கம் பிழை இருக்கலாம் எனவும் இடம் விட்டார். இதனால் முகாமையாளர் முகம் கோணாமல் பின்வாங்க வழி கிடைத்தது. ஆயினும் இவ்வாறு கேட்டதனாலேயே வேலை கிடைக்காமற் போகவும் கூடும். இதனை மாணவரிடமிருந்து மறைப்பது முறையன்று. வீட்டில் வருமானம் அவசியமாக இருந்து, வேலையை விட முடியாத நிலையெனின், சேர்ந்துகொள்ளலாம். ஆனால் சேர்ந்த நாள் முதல் ஒரு கொப்பியில் திகதி, வந்த நேரம், சென்ற நேரம், பெற்ற பணம் ஆகியவற்றை எழுதி வருதல் வேண்டும். அக்கொப்பி பின்னர் உதவும்.

நியமனக் கடிதம்

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். தொழிற்சாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் வேறு சட்டங்களும் சம்பளச் சபைகளும் உள்ளன. கடைச் சட்டத்தின்படி, வேலையிற் சேரும்போதே ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் வழங்குவது தொழில்தருநரின் கடமை. பதவியின் பெயர், சேர்ந்த திகதி, அடிப்படைச் சம்பளம், சம்பளம் தரப்படும் காலம், வேலை நேரம், விடுமுறை ஆகியன அதில் இருக்க வேண்டும். கையெழுத்திடுமுன் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பின் விளங்கும் ஒருவரிடம் காட்டி வருவதாகக் கூறி ஒரு நாள் அவகாசம் கேட்கலாம்.

இச்சட்டம் கூறும் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். உணவு வேளை இதற்குள் அடங்காது. அதற்கு மேல் வேலை செய்தால் சாதாரண வீதத்தின் ஒன்றரை மடங்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. 18 வயதுக்குட்பட்டோரை இரவில் வேலைக்கு வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பண்டிகைக் காலத்தில் புறக்கோட்டையில் இரவு பத்து மணி வரை கடைகள் திறந்திருப்பதை அறிவீர்கள், எனவே மாணவி கேட்ட "எத்தனை மணிக்கு முடியும்?" என்ற வினா அற்பமானதன்று.

சேர்ந்த திகதியை ஏன் எழுத்தில் பெற வேண்டும் என்பதற்கு லீவு நல்ல உதாரணம். முதல் வருடத்தில் இரண்டு மாத சேவைக்கு ஒரு நாள் வீதம் அமைய லீவு உண்டு. இரண்டாம் வருடத்தில் 7 நாள் அமைய லீவும், அதனுடன் வருடாந்த லீவும் கிடைக்கும். வருடாந்த லீவு நீங்கள் முதல் வருடத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் இறுதிக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு 10. ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7. ஒக்டோபர் 1ஆந் திகதி அல்லது அதன் பின் சேர்ந்தவருக்கு 4. மார்ச் 28இல் சேர்ந்தவரின் கடிதத்தில் "ஏப்ரல் 1" என்று எழுதப்பட்டால் நான்கு நாள் லீவு போய்விடும். நான்கு நாள் வித்தியாசந்தானே என்று விட்டுவிடலாகாது.

சம்பளத்துக்கும் கீழெல்லை உண்டு. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறைக்கு மாதம் ரூபா 10,000 எனத் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்தை விதித்தது. 2024இல் அது ரூபா 17,500 ஆனது. அதன் பின்னரும் கூட்டப்பட்டது. நேர்முகப் பரீட்சைக்குச் செல்லுமுன் அவ்வாண்டுக்குரிய தொகையைத் தொழில் அலுவலகத்தில் கேட்டறிந்து செல்லுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி: ஒரு கணக்கு

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. இதனையே ஈ.பி.எப். என்கிறோம். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். தொழில்தருநர் தமது பணத்திலிருந்து 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படியான ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். இந்த 3 சதவீதத்தை ஊழியரிடம் கழிக்கவே முடியாது. தகுதிகாண் காலமாயினும் தற்காலிக வேலையாயினும் முதல் நாளிலிருந்தே இவை செலுத்தப்படல் வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இக்கணக்கிற் சேராது.

உதாரணம்: ஒருவரின் மாதச் சம்பளம் ரூபா 35,000 எனக் கொள்க.

ஊழியரின் பங்கு 8%: ரூபா 2,800
தொழில்தருநரின் பங்கு 12%: ரூபா 4,200
சேமலாப நிதியிற் சேரும் தொகை: ரூபா 7,000
நம்பிக்கை நிதி 3%: ரூபா 1,050

தொழில்தருநர் தமது பணத்திலிருந்து மாதந்தோறும் சேர்ப்பது 4,200 + 1,050 = ரூபா 5,250. மூன்று வருடத்தில், அதாவது 36 மாதத்தில், இது ரூபா 1,89,000 ஆகும். வட்டி வேறு. "கையில முழுச் சம்பளம் தாறேன், ஈ.பி.எப். வேணாம்" என்று சொல்லப்படும்போது மாதம் 2,800 ரூபா கூடக் கிடைப்பதாகத் தோன்றும். அதற்காக மாதம் 5,250 ரூபாவை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தோன்றாது. சாதாரண தரக் கணிதத்தில் சதவீதம் கற்றவருக்கு இக்கணக்குக் கடினமன்று.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். திருமணம் காரணமாக வேலையை விடும் பெண்களும் பெறலாம். பதினேழு வயதில் இது வெகு தொலைவாகத் தெரியும். ஆனால் வேலை மாறினாலும் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும். உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க. சம்பளப் பட்டியலில் கழித்திருப்பது மட்டும் போதாது. கழித்த பணம் உண்மையில் செலுத்தப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். கழித்துவிட்டுச் செலுத்தாத இடங்களும் உள்ளன. முறைப்பாடு செய்ய வேண்டிய இடம் தொழில் திணைக்களம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் உள்ளது. மேலே சொன்ன கொப்பியைக் கொண்டு செல்ல வேண்டியதும் அங்கேயே.

முதல் மூன்று மாதம்

வேலையிற் சேர்ந்ததும் முதற் கிழமையில் எவரும் உங்களிடம் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. பொருட்களின் பெயர், விலை, வைக்கும் இடம், வாடிக்கையாளர் பெயர் ஆகியவற்றைச் சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே விடயத்தை மூன்றாம் முறை கேட்பதைவிட, எழுதியதைப் பார்ப்பது நல்லது. தெரியாததைத் தெரியாது என்று முதல் மாதத்தில் சொல்வது எளிது. ஆறாம் மாதத்தில் சொல்வது கடினம். கடையில் மூடை சுமக்கும் நாட்டாமைமார், தேநீர் கொண்டு வரும் பையன், காவலாளி ஆகியோரையும் அண்ணா, தம்பி, ஐயா என்று மரியாதையாக அழையுங்கள். எந்த லொறி எப்போது வரும், எந்த வாடிக்கையாளர் கடனைத் திருப்பித் தரமாட்டார் என்பனவெல்லாம் முகாமையாளருக்கு முன் அவர்களுக்கே தெரியும்.

காசுப் பெட்டியைப் பொறுப்பேற்கும் வேலையாயின், ஏற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் மற்றவர் முன்னிலையில் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். "அவசரம், பிறகு எண்ணலாம்" என்று சொல்லப்பட்டாலும் விடக் கூடாது. காசு குறைந்தால் புதிதாக வந்தவரையே முதலில் பார்ப்பர். வேலைத்தலத்தில் எவரேனும் உடலாலோ சொல்லாலோ தொந்தரவு செய்தால், அது முதலாளியாயினும், வீட்டில் அன்றே சொல்ல வேண்டும். வேலை போய்விடும் என்று மறைப்பதற்குரிய விடயம் அதுவன்று.

உயர்தர வகுப்புக்காக வேலையை விட நேர்ந்தால், கடிதத்தில் குறித்த கால அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, சேவைச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டுப் பெறுக. மூன்று மாதச் சேவையாயினும் அடுத்த நேர்முகப் பரீட்சையில் "அனுபவம் உண்டா?" என்ற வினாவுக்கு அத்தாள் விடை சொல்லும்.

பயிற்சி வினாக்கள்

1. மாதிரி நேர்முகத்தில் மாணவி தமது குறையைக் கூறிய முறையை விளக்கி, ஆங்கிலத்தில் சித்தியடையாத ஒரு மாணவர் அதே முறையில் எவ்வாறு விடையளிக்கலாம் என்பதை ஐந்து வசனங்களில் எழுதுக.

2. மாதச் சம்பளம் ரூபா 42,000 பெறும் ஊழியர் ஒருவரின் சேமலாப நிதிக்கு ஒரு வருடத்தில் வட்டியின்றிச் சேரும் தொகையைக் காண்க. அதில் தொழில்தருநரின் பங்கு எவ்வளவு? (விடை: ரூபா 1,00,800, ரூபா 60,480)

3. ஒருவர் ஜூன் 29ஆந் திகதி வேலைக்குச் சேர்ந்தார். நியமனக் கடிதத்தில் ஜூலை 1 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அடுத்த வருடம் அவர் எத்தனை நாள் வருடாந்த லீவை இழப்பார்? (விடை: 3 நாள்)

4. நீர் புறக்கோட்டையில் உள்ள ஒரு வியாபார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் நியமனக் கடிதம் கிடைக்கவில்லை. அதனை வழங்குமாறு பணிவாகவும் தெளிவாகவும் கேட்டு, முகாமையாளருக்கு 100 சொற்களில் அமையுமாறு ஒரு கடிதம் எழுதுக. சேர்ந்த திகதி, செய்யும் வேலை, பேசப்பட்ட சம்பளம் ஆகிய மூன்றும் கடிதத்தில் இடம்பெறல் வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றை ஏன் உம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இறுதியில் தனியாக ஒரு வசனத்தில் குறிப்பிடுக.